நூற்று மூன்றாவது பதிவு

தொங்யோங் துறைமுகத்தின் பின்பக்கம், சந்தையின் மீன்வாடை கொஞ்சம் தணிகிற சந்தில், உன்ஹா கம்ப்யூட்டர் என்று ஒரு கடை உண்டு. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் நின்றுதான் பேச வேண்டும். அதற்கு முதலாளி, மெக்கானிக், கூட்டிப் பெருக்குகிற ஆள் எல்லாமே பியோ கிஹ்வான் ஒருவன்தான். வயது ஐம்பத்து மூன்று. மனைவி பூசானில் இருக்கும் தன் அக்காவைப் பார்த்து வரப் போனவள், போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அதைப் பற்றி அவன் பேசுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

அவன் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. மீன்வலைக் கம்பெனியில் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவன். தொண்ணூற்றேழு கடைசியில் நாட்டின் கஜானா காலியானது. வேலை போனதை வீட்டில் சொல்லப் பயந்த அப்பாக்கள் கோட்டு சூட்டோடு மலையில் போய் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருஷம் வலைக் கம்பெனியும் மூடியது. வேலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் ஆறு மாத வகுப்பு நடத்தியது. கிஹ்வான் கேக் செய்யத்தான் பேர் கொடுக்கப் போனான். அதில் இடம் இல்லை என்று சொல்லி, கம்ப்யூட்டர் வகுப்புக்குத் தள்ளிவிட்டார்கள். கேக் வகுப்பில் இடம் இருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். கம்ப்யூட்டருக்கு எந்த நோய் வந்தாலும் மருந்து ஒன்றுதான், ஃபார்மேட். மெதுவாக ஓடினாலும் ஃபார்மேட், விளம்பரம் குதித்தாலும் ஃபார்மேட், பையன் தேர்வில் மார்க் குறைந்தாலும் ஃபார்மேட். வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் மாற்றுவது போலக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆகையால் கிஹ்வான் தன்னிடம் வரும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து வைப்பான். விண்டோஸ் இருப்பது சி. சொந்தப் பொருள் இருப்பது டி. ஃபார்மேட் என்றால் சி-யை மட்டும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது. டி-யைத் தொடுவது கிடையாது.

"சி வாடகை வீடு, டி சொந்த வீடு" என்பான் வருகிறவர்களிடம். "சி-ல வெச்சுட்டுத் தொலைஞ்சா எங்கிட்ட வந்து அழாதீங்க. டி-ல வெச்சா எனக்கு விட்டுருங்க."

இருபத்தோரு வருஷத்தில் ஒருவருடைய டி-யும் அவன் கையில் தொலைந்ததில்லை. இன்னொன்றும் உண்டு. அடுத்தவர் டி-யை அவன் திறந்து பார்த்ததே இல்லை. அது அடுத்த வீட்டு அலமாரியைத் திறப்பது மாதிரி என்பான். அவன் வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொள்ள இருந்தவை இந்த இரண்டும்தான்.

பெருமை இல்லாத பக்கமும் சொல்ல வேண்டும். ஊரில் அவன் போட்டுக் கொடுத்த விண்டோஸ் எல்லாம் திருட்டு நகல். ஒரே குறுந்தகடு, போடும்போது அது கேட்கும் சாவியும் ஒன்றே. அந்த இருபத்தைந்து எழுத்தையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பில்லாமல் சொல்லுவான். அதைக் குற்றம் என்று அன்று யாரும் நினைக்கவில்லை, அவனும் நினைக்கவில்லை. இரண்டாயிரத்துப் பதினேழில் உலகம் முழுக்க ஒரு வைரஸ் சுற்றியது, கோப்புகளைப் பூட்டிவைத்துக்கொண்டு பணம் கேட்கும் வைரஸ். எங்கள் ஊர் போட்டோ ஸ்டூடியோக்காரரின் ஒன்பது வருஷக் கல்யாணப் படங்கள் அதில் போயின. திருட்டு நகலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் சரியாக வந்து சேராது. அந்த ஸ்டூடியோவுக்கு நகல் போட்டுக் கொடுத்தவன் கிஹ்வான்தான். ஸ்டூடியோக்காரர் அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவன் அன்றோடு மறந்திருப்பான்.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் பிடித்தது. பிடித்தது என்றால் பேய் பிடித்த மாதிரி. யாரிடமும் திருட வேண்டாம், யாருக்கும் பயப்பட வேண்டாம், ஊர்கூடி எழுதி ஊருக்கே கொடுத்தது என்று அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கண் கலங்கிவிடும். இரண்டு வருஷம் இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றான். முதலில் தன் கம்ப்யூட்டரை மாற்றினான். பிறகு கேட்டவர்களுக்கு, பிறகு கேட்காதவர்களுக்கும். வங்கி வேலை செய்கிறவர்கள் மட்டும் தப்பித்தார்கள். எங்கள் வங்கிகள் அன்று விண்டோஸைத் தவிர வேறெதையும் வாசலில் சேர்க்காது.

"இவன் ஞானஸ்நானம் குடுக்க ஆரம்பிச்சுட்டான்டா" என்று சிரிப்பார் தாக் அண்ணன். பக்கத்துக் கடையில் விலாங்கு மீன் எலும்பும் காய்ந்த முள்ளங்கிக் கீரையும் போட்டு சூப் வைக்கிறவர். "டேய் கிஹ்வான், என் கல்லாப் பெட்டியயும் மாத்திக் குடுத்துராத. அதுலதான் ரெண்டு காசு இருக்கு."

இரண்டாயிரத்து இருபது ஜனவரியோடு பழைய விண்டோஸ் ஏழுக்குத் திருத்தங்கள் நின்றுவிடும் என்று செய்தி வந்ததும், கிஹ்வான் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டான். அந்த வரிசையில் வந்த பெயர்தான் ஓக் மால்சுன்.

மால்சுன் அக்காவுக்கு அப்போது அறுபத்தாறு. ஆழிச்சிப்பி உடைக்கும் கொட்டகையில் முப்பது வருஷமாக நிற்கிறவள். புருஷன் எப்போதோ போய்விட்டான். ஒரே மகள், பே சோரா. அவளுக்கு டிவியில் செய்தி வாசிக்க ஆசை. எங்கள் தெற்குக்கரைப் பேச்சு வாயில் இருந்தால் சியோலில் உள்ளேயே விடமாட்டார்கள். அதனால் ஒரு லேப்டாப் வாங்கி, அறைக்குள் உட்கார்ந்து, உள்ளூர்ப் பத்திரிகையைச் சியோல் உச்சரிப்பில் சத்தமாக வாசித்துப் பதிவு செய்து, திரும்பக் கேட்டுத் திருத்திக்கொள்வாள். ஒவ்வொரு பதிவுக்கும் அன்றைய தேதியைப் பெயராக வைப்பாள். அப்படி இரண்டாயிரத்துப் பதினொன்று செப்டம்பரிலிருந்து அடுத்த பிப்ரவரி பதினேழு வரை நூற்று மூன்று பதிவுகள். பிப்ரவரி பதினெட்டு விடிகாலை, பூசானில் குரல் தேர்வுக்கென்று பஸ் ஏறினாள். நெடுஞ்சாலையில் உறைபனி. பஸ்ஸில் இருபத்தாறு பேர் பிழைத்தார்கள், மூன்று பேர் பிழைக்கவில்லை.

கல்யாணம் ஆகாமல், பெற்றவளுக்கு முன்னால் போய்விட்ட பிள்ளைக்கு எங்களில் படையல் கிடையாது. நினைவு நாளில் சோறு வைத்துக் கும்பிட முடியாது. பெரியவர்கள் பிள்ளையைக் கும்பிடக் கூடாது என்பது வழக்கம். யார் போட்ட வழக்கமோ, போட்டவன் பிள்ளையைப் பறிகொடுத்திருக்க மாட்டான். அதனால் மால்சுன் அக்கா தனக்கென்று ஒன்று வைத்துக்கொண்டாள். மகள் எந்தத் தேதியில் பதிவு செய்தாளோ, வருஷா வருஷம் அந்தத் தேதியில் அந்தப் பதிவைக் கேட்பது. கொட்டகையிலிருந்து வந்து, கை கழுவி, லேப்டாப்பைத் திறந்து, சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு கேட்பாள். "தெற்குக் கடலின் கிழக்குப் பகுதியில் அலையின் உயரம் ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரை இருக்கும்" என்று சோரா அரசாங்க அதிகாரி மாதிரி வாசிப்பாள். அக்கா அதற்குத் தலையாட்டிக்கொண்டே சாப்பிடுவாள்.

நூற்றிரண்டு பதிவுகளைத்தான் அவள் கேட்டிருந்தாள். கடைசிப் பதிவை, பிப்ரவரி பதினேழை, எட்டு வருஷமாகத் திறக்கவே இல்லை.

"அத மட்டும் கேக்கல தம்பி" என்று ஒரு தடவை கிஹ்வானிடம் சொல்லியிருந்தாள். லேப்டாப்பில் சத்தம் வரவில்லை என்று கொண்டுவந்த நாள் அது. "அதக் கேட்டுட்டா அவ எங்கிட்டச் சொல்றதுக்கு இனி ஒண்ணும் இருக்காது. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குன்னு நெனச்சாத்தான் காலைல எந்திரிக்க முடியுது."

ஆகவே, அந்த லேப்டாப் என்றால் என்ன என்று கிஹ்வானுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததனால்தான் அதை அப்படியே விட்டுவைக்கக் கூடாது என்று நினைத்தான்.

"நல்லாத்தானே தம்பி ஓடுது. எதுக்கு அதப் போயி நோண்டணும்?" என்றாள் அக்கா போனில்.

"ஓடுதுக்கா. ஆனா இனிமே அதுக்குக் காவல் கிடையாது. ஒருநாள் ஏதாச்சும் உள்ள பூந்துருச்சுன்னா மொத்தமும் பூட்டிக்கும். ஸ்டூடியோக்காரருக்கு ஆச்சே, அது மாதிரி. சோரா குரல் போயிருச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

 அக்காவுக்குப் பின்னால் கொட்டகையில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

"டி-யத் தொடமாட்டியே?"

"இருபத்தோரு வருஷமாத் தொட்டதில்லக்கா."

"தொறந்தும் பாக்கக் கூடாது. அவ பேச்ச எனக்கு முன்னாடி இன்னொருத்தர் கேக்கக் கூடாது."

"என் கண்ணு கூடப் படாது. நம்புங்க."

நம்பினாள். அடுத்த நாளே லேப்டாப்பைப் பட்டுத் துணியில், விருந்துக்குப் போகும் பலகாரப் பெட்டியைக் கட்டுவது போல நான்கு முனையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜனவரி கடைசி. சந்திரப் புத்தாண்டு விடுமுறை முடிந்து கடை திறந்த முதல் நாள். அதற்குள் கிஹ்வான் முப்பதுக்கு மேல் கம்ப்யூட்டர்களை மாற்றியிருந்தான். எல்லாவற்றையும் ஒரே முறையில்தான் மாற்றினான். பழைய டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் புது டிஸ்க் போடுவான். அதில் லினக்ஸை ஏற்றி முடித்த பிறகு பழையதை இரண்டாவதாகச் சொருகுவான். நிறுவும்போது, முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டுப் போடலாமா என்று அது கேட்கும். ஆமாம் என்று சொல்லுவான். வெறும் டிஸ்க்கில் அழிக்க என்ன இருக்கிறது? முப்பது தடவை ஆமாம் என்று அழுத்திய விரல் அது.

மால்சுன் அக்காவின் லேப்டாப் சின்னது. ஒரு டிஸ்க்குக்குத்தான் இடம். சி-யும் டி-யும் அந்த ஒன்றுக்குள்ளேயேதான் இருந்தன. இது கிஹ்வானுக்குத் தெரியாதா என்றால், பிரித்து வைத்தவனே அவன்தான். இதில் முழு டிஸ்க்கைத் தொடாமல், கையாலேயே சி-யை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும் என்று காலையில் டீ குடிக்கும்போதே நினைத்துக்கொண்டான். ஆனால் இருபத்தோரு வருஷமாக டி தனி வீடு, டி தனி வீடு என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லி, அவன் மனசுக்குள்ளும் அது வேறு எங்கேயோ சுவர் வைத்துக் கட்டிய வீடாகவே ஆகிவிட்டிருந்தது. டி-யை நகல் எடுத்து வைக்கும் பழக்கமும் அவனிடம் இல்லை. இந்த டி-யைத் திறக்க மாட்டேன் என்று வாக்கும் கொடுத்திருந்தான்.

அந்த நேரம் பார்த்து தாக் அண்ணன் வந்து நின்றார்.

"யாரு வீட்டுக் கம்ப்யூட்டருக்குடா இன்னிக்கு முழுக்கு?"

"மால்சுன் அக்காவோடது."

"அதையுமா? அந்தப் பொம்பளைய விட மாட்டியா நீ? காசு குடுத்து வாங்குறத விட, சும்மா குடுக்குறது எப்பிடிடா ஒசத்தியா இருக்கும்? சும்மா குடுத்தா என் சூப்பக் கூட ஒருத்தன் மதிக்க மாட்டான்."

இதைச் சொன்னால் கிஹ்வானுக்குப் பொறுக்காது என்று அவருக்குத் தெரியும். கிஹ்வானும் திரும்பி உட்கார்ந்து ஆரம்பித்தான். சும்மா கொடுப்பது வேறு, எல்லோருக்கும் பொதுவாக இருப்பது வேறு, கடல் யாருடையது, நீ மீனுக்குக் கடலிடம் காசு கொடுத்தாயா என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். பேசிக்கொண்டே, திரையில் கேட்ட கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் கொடுத்துக்கொண்டு வந்தான். மொழி, கொரியன். ஊர், சியோல் நேரம். முழு டிஸ்க்கையும் அழிக்கலாமா, ஆமாம். நிச்சயமா என்று அது இன்னொரு தடவை கேட்டது. அதற்கும் ஆமாம். அதன்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. இரண்டு தடவை தெளிவாகக் கேட்டது.

"கடலு சும்மா குடுக்குதுன்னு யாருடா சொன்னது?" என்றார் தாக் அண்ணன். "எங்கப்பன அதுதான் கொண்டுபோச்சு." சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

கிஹ்வான் திரும்பிப் பார்த்தபோது, வேலை எவ்வளவு முடிந்தது என்று திரையில் காட்டும் பட்டை கால்வாசிக்கு மேல் நிரம்பியிருந்தது. முதலில் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு மேசையின் ஓரத்தைப் பார்த்தான். வழக்கமாகக் கழற்றிய பழைய டிஸ்க்கை வைக்கும் இடம் அது. அங்கே ஒன்றும் இல்லை.  ஒயரைப் பிடுங்கினான், லேப்டாப்பைக் கவிழ்த்துப் பேட்டரியையும் பிடுங்கினான். பிடுங்கிய பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அழித்த டிஸ்க்கிலிருந்தும் பொறுக்கி எடுக்கலாம். புதிதாக எழுதப்பட்ட இடம் போக மற்றது அடியில் அப்படியே கிடக்கும். தேடிப் பொறுக்கும் மென்பொருளும் அதே இலவசக் கூட்டத்தார் எழுதி வைத்ததுதான். இரண்டு பகல் முழுக்கக் கடையை அடைத்துவிட்டு அதை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தான். தொண்ணூற்றெட்டு ஒலிப்பதிவுகள் கிடைத்தன. ஆனால் பெயர் கிடைக்காது. தேதிகள் எல்லாம் போய், ஒவ்வொன்றும் ஏழெட்டு இலக்க எண்ணாக வந்து விழுந்தது. தொண்ணூற்றேழு பதிவுகளின் நீளம் சரியாக இருந்தது. ஒன்றில் மட்டும் ஆரம்பத்து நான்கு விநாடி. அதற்கு மேல் லினக்ஸ் எழுதியாகிவிட்டது, அவன் கடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில்.

போட்டுக் கேட்டால் எது எது என்று தெரிந்துவிடும். அவன் கேட்கவில்லை. அவன் காப்பாற்ற மிச்சம் இருந்த வாக்கு அது ஒன்றுதான்.

போனில் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை. மத்தியானம் கொட்டகைக்கே போனான். நீளமான மேசையின் இரண்டு பக்கமும் ரப்பர் அங்கி போட்ட பெண்கள் வரிசையாக நின்று சிப்பி உடைத்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோவில் பாட்டு அலறியது. அவனைப் பார்த்ததும் ஒருத்தி, "அக்கா, உங்க கம்ப்யூட்டர் மாப்ள வந்துருக்காரு!" என்று கூவினாள். எல்லோரும் சிரித்தார்கள். மால்சுன் அக்காவும் சிரித்துக்கொண்டே திரும்பி, அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"அக்கா, தப்புப் பண்ணிட்டேன். டி போயிருச்சு. நாந்தான் அழிச்சேன். கொஞ்சம் மீட்டிருக்கேன், எல்லாம் இல்ல."

அக்கா கையிலிருந்த சிப்பியில் கத்தியைச் செருகித் திறந்து, சதையை எடுத்து வாளியில் போட்டாள். இன்னொன்று எடுத்தாள். அதையும் திறந்தாள். மூன்றாவதில் கத்தி வழுக்கி மேசையில் விழுந்தது.

"கடைசி இருக்கா?" என்றாள்.

"தெரியாதுக்கா. பேரெல்லாம் அழிஞ்சுபோச்சு. நான் ஒண்ணையும் போட்டுக் கேக்கல."

ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்கு விடுமுறை. அன்று காலையில் கடைக்கு வந்தாள். தாக் அண்ணன் இரண்டு கிண்ணம் சூப் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் போனார். அவர் வாயைத் திறக்காமல் போனதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

கிஹ்வான் முதல் எண்ணைப் போட்டான். "இன்று காலை தொங்யோங் ஏலக் கூடத்தில் கெளுத்தி மீனின் விலை..." என்று சோராவின் குரல் கடையை நிரப்பியது. கிஹ்வான் அந்தக் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான். பளிங்கு மாதிரி இருந்தது.

"அக்டோபர் நாலு" என்றாள் அக்கா உடனே. "வெலய மாத்திப் படிப்பா பாரு, இப்ப."

மாற்றித்தான் படித்தாள். கிஹ்வான் அந்த எண்ணை அழித்துவிட்டு அக்டோபர் நான்கு என்று பெயர் வைத்தான். அடுத்ததைப் போட்டான்.

"நவம்பர் பத்தொம்பது. அன்னிக்கு அவளுக்குச் சளி."

இப்படியே போயிற்று. தேதி சொல்ல அவள் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. நான்கைந்து வார்த்தை கேட்டாலே போதும் அவளுக்கு. ஆனால் எதையும் பாதியில் நிறுத்தவிடவில்லை, முழுக்கக் கேட்ட பிறகுதான் அடுத்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இடையில் தேகு நகரில் கொரோனா பரவி, ஊரே முகமூடி போட ஆரம்பித்திருந்தது. நான்காவது ஞாயிறு இருவரும் முகமூடியோடு உட்கார்ந்து கேட்டார்கள். ஒவ்வொரு புதுப் பதிவு தொடங்கும்போதும் அக்காவின் கை மடியில் இறுகும். தெரிந்த குரல், தெரிந்த செய்தி என்றதும் தளரும். தளர்ந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று கிஹ்வானால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

தொண்ணூற்றேழும் முடிந்தன. தொலைந்த ஐந்தின் தேதியையும் அக்கா விரல்விட்டுச் சொல்லிவிட்டாள். அந்த ஐந்தும் அவள் எத்தனையோ தடவை கேட்டு மனப்பாடம் ஆனவை. தொண்ணூற்றேழில் பிப்ரவரி பதினேழு இல்லை.

"இன்னும் ஒண்ணு இருக்குக்கா" என்றான் கிஹ்வான். அதைக் கடைசிக்கு ஒதுக்கியது அவன்தான், பயத்தில். "நாலு செகண்டுதான் இருக்கு. மிச்சத்துக்கு மேல நான் எழுதிட்டேன். அந்தக் கடைசிப் பதிவு இதுல இருந்தாலும் இருக்கலாம். தொலைஞ்சுதுன்னு நீங்க சொன்ன அஞ்சுல ஒண்ணாவும் இருக்கலாம். போடணுமான்னு நீங்கதான் சொல்லணும். வேணாம்னா இப்பிடியே வெச்சுக்கலாம்."

வெளியே சந்தைக்காரர்கள் கடைக்குக் கடை தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அக்கா முகமூடியைக் கீழே இறக்கினாள்.

"எட்டு வருஷம் வெச்சுப் பாத்தாச்சு தம்பி. வெச்சவ நான், அழிச்சவன் நீ. போடு."

போட்டான்.

நாற்காலி நகரும் சத்தம் வந்தது. காகிதம் புரளும் சத்தம். பிறகு சோரா பேசினாள். சியோல் உச்சரிப்பு இல்லை, ஏலக் கூடம் இல்லை, அலையின் உயரம் இல்லை. எங்கள் ஊர்ப் பேச்சில், பல் தெரியச் சிரித்துக்கொண்டு பேசுகிற குரல்.

"யம்மா, ரெக்கார்டிங் ஓடுது, கதவச் சாத்து! பேரிக்கா அப்புறமாத் தின்னுக்கறேன்."

அவ்வளவுதான். அதோடு அறுந்துவிட்டது.

நூற்றிரண்டு பதிவிலும் அந்தப் பெண் ஒரு தடவைகூட அம்மா என்று கூப்பிட்டதில்லை. செய்தி வாசிக்கிறவள் எதற்குக் கூப்பிடப் போகிறாள்? எட்டு வருஷத்தில் மால்சுன் அக்கா அந்த வார்த்தையைக் கேட்டது அன்றுதான். அவள் கை இரண்டும் மேசைமேல் கிடந்தன. கத்தி கீறிய பழைய தழும்புகள் நிறைந்த கைகள். கிஹ்வான் அவளைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்புறம்?" என்றாள் அக்கா.

"அவ்வளவுதான்கா இருக்கு."

"அப்புறம் என்ன சொன்னா?"

"இல்லக்கா. அதுக்கு மேல இல்ல." லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தான். "மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் இல்ல."

அக்கா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"தோல் சீவி, துண்டு போட்டு, தட்டுல எடுத்துக்கிட்டுப் போனேன்" என்றாள். கிஹ்வானிடம் சொல்லவில்லை. லேப்டாப்பைப் பார்த்துச் சொன்னாள். "சாத்துன்னா. சாத்திட்டேன். அடுக்களையில நின்னுக்கிட்டுக் கொஞ்ச நேரம் பாத்தேன். வரல. கருத்துப்போயிரும்னு நெனச்சு அம்புட்டையும் நானே தின்னுட்டேன்."

கிஹ்வான் அந்த எண்ணை அழித்துவிட்டு பிப்ரவரி பதினேழு என்று பெயர் வைத்தான்.

"வெளிய வந்து, எங்க யம்மா பேரிக்கான்னு கேட்டா. நாளைக்குப் பரீட்ச முடிச்சுட்டு வாடி, புதுசா சீவித் தாரேன்னேன்."